தொழுவத்துச் சுவர்

கிறிஸ்துமஸ் குடிலுக்கு எங்கள் தெருவில் எல்லோரும் அட்டையில்தான் சுவர் வைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் சீலிங் வேலைக்காரர்கள் வாங்கும் கடையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வாங்கி நானே வார்ப்பேன். எனக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறியில் வேலை என்பதால் வீட்டில் துண்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. எண்ணெய் தடவிய பலகைச் சட்டத்துக்குள் பாதிக் கரைசலை ஊற்றி, துணியைப் பரப்பி, மீதியை ஊற்றினால் சுவர் விரிசல் விடாது. நகம் பதிகிற பதத்தில் கோணி ஊசியால் கீறிக் கல் கல்லாகப் பிரிக்க வேண்டும். இறுகிவிட்டால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

போன டிசம்பரில் வார்த்தது என் மனைவிக்காக. மகாராஜபுரத்தில் அவளுடைய அப்பாவின் மாட்டுத் தொழுவத்தை, அவர் இறந்த பிறகு அண்ணன்மார் விற்றார்கள். இடிப்பதற்கு முந்தின நாள் போயிருந்தோம். "அந்தச் சொவர ஒரு போட்டோ எடுங்க" என்றாள். என்னிடம்தான் கேமரா போன். "கல்லுச் சொவரப் போயி எவனாவது போட்டோ எடுப்பானா? பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று இழுத்து வந்துவிட்டேன். அவள் சண்டை போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தன்னைப் போட்டோ எடுக்க அவள் என்னை விட்டதே இல்லை. ஆறு வருடமாக உறுத்துகிறது. மன்னிப்புக் கேட்க வாய்தான் வரவில்லை, வறட்டு ரோஷம்.

அதனால் அந்தத் தொழுவத்தையே குடிலாக்க நினைத்தேன். ஒரு முழ நீளச் சுவர். கால்வாசி கீறிவிட்டுப் பெருமையாக அவளைக் கூப்பிட்டேன்.

"இது என்ன, மில்லு காம்பவுண்டா?"

"ஒங்க தொழுவம்."

"எங்க தொழுவத்துல கல்லு இப்படி ஒரே அளவாவா இருந்துச்சு?"

உண்மைதான். எத்தனையோ முறை அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. நான் கீறியதன் மேல் கரைசலைப் பூசி மூடிவிட்டு ஊசியை அவளிடம் கொடுத்தேன்.

அடியில் மாடு படுத்தாற்போலப் பெரிய கற்கள். மேலே போகப் போகச் சிறியவை. இடுக்குகளில் சில்லுகள். கன்று உரசி உரசி வழவழத்துப்போன ஒரு கல்லை விரலாலேயே தேய்த்தாள். அப்பா வெற்றிலைப் பொட்டலம் செருகி வைக்கும் பொந்தைக் குடைந்தாள். முக்கால்வாசியில் கை நின்றுவிட்டது.

"சீக்கிரம் கீறு, இறுகிரும்."

"அங்கிட்டு என்ன இருந்துச்சுன்னு தெரியலங்க. அம்புட்டுதான் ஞாபகம் வருது."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மிச்ச வெள்ளை எங்கள் கண்முன்னேயே இறுகியது.

ஆராதனை முடிந்து குடில் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், "ஒரு ஓரம் மொட்டையா நிக்கே, மாவு இறுகிருச்சா?" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"இல்லண்ணே. இடிக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுக்கச் சொன்னா. நான்தான் எடுக்கல. தப்பு எம்மேலதான்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. காபி கொண்டுவந்த என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு தட்டைக் கீழே வைத்தாள். குடில் பக்கத்தில், அந்த மொட்டை ஓரத்தை ஒட்டிப் போய் உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"இப்ப எடுங்க" என்றாள்.