இறுதிச் சுற்றுக்கென்று பழகிய இசை

ஜப்பானின் யாய்சு துறைமுகத்தில் சூரை மீன் ஏலம் விடுகிற ஹிரோமாசாவின் மகள் சியோரிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஐரோப்பாவில் மூன்று பியானோ போட்டிகளுக்குப் போய், மூன்றிலும் அரையிறுதியோடு திரும்பியிருந்தாள். இறுதிச் சுற்றில் இசைக்குழுவோடு வாசிப்பதற்கென்று உயிரைக் கொடுத்துப் பழகிய ஒரு நீண்ட ஜெர்மன் கான்செர்டோ, யார் காதிலும் விழாமல் அவள் விரல்களுக்குள்ளேயே கிடந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவளுடைய கச்சேரிகளை ஏற்பாடு செய்கிற நோசே அழைத்தார்.

"சியோரி சான், நகோயாவுல இன்னிக்குச் சாயங்காலம் வாசிக்க வேண்டிய வெளிநாட்டுக்காரர் காய்ச்சல்ல விழுந்துட்டார். அந்த ஜெர்மன் கான்செர்டோ உங்களுக்கு வருமா?"

"வரும்."

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. அதை முழுதாக வாசித்து இரண்டு வருஷமாகியிருந்தது!

கனமழையில் புல்லட் ரயில் ஓடவில்லை. மேடை உடைகளோ அவள் குடியிருக்கும் டோக்கியோவில். அம்மா, துக்க வீடுகளுக்கு உடுத்துகிற தன் கறுப்பு உடையை எடுத்து நீட்டினாள். அப்பா மீன் வண்டியைக் கிளப்பினார்.

"எழவு வீட்டுக்குப் போற மாதிரில்ல இருக்கு!" என்றார்.

"யாரோட எழவுன்னு ராத்திரிக்குள்ள தெரிஞ்சிடும்பா."

"வாயப் பாரு! இந்த வாய் நடுவருங்க முன்னாடி எங்க போச்சாம்?"

வழி நெடுக அவள் விரல்கள் மடியில் ஓடிக்கொண்டேயிருந்தன.

ஒத்திகை மேடையில் முதிய இசை நடத்துநர் அரிசாவா மூக்கைச் சுளித்தார். "இங்க ஏதோ மீன் வாசம் அடிக்குதே?"

"மன்னிச்சுக்குங்க சென்செய், நான்தான். மீன் வண்டியில வந்தேன்."

இசைக்குழுவே சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பில் அவள் தோள் இறுக்கம் தளர்ந்தது. முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் பார்க்கத்தான் நேரம் இருந்தது.

"நடுவுல இருக்கறத என்ன பண்றது, சென்செய்?"

"நீங்க பயப்படாம ஓடுங்க. நாங்க பின்னாடியே வர்றோம்."

சாயங்காலம் மேடையில் அப்படியே ஓடினாள். மழைக்குள் புகுந்த படகு போல இசைக்குழுவுக்குள் பாய்ந்தாள். இரண்டாம் பகுதியில் படீரென்று பியானோவின் கம்பி ஒன்று அறுந்தது. முன்வரிசையில் யாரோ 'ஆ' என்றார்கள். அரிசாவா திரும்பிப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை, அந்தச் சுரம் பிசிறடித்தபோதெல்லாம் பக்கத்துச் சுரங்களை இன்னும் ஓங்கி ஒலிக்கவிட்டாள். அச்சம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மெதுவான பகுதியில் செல்லோ தனியாகப் பாட, வாசிக்கக் கிடைத்ததே போதும் என்ற பூரிப்பு அவள் முகத்தில் பரவியது.

கடைசிச் சுரம் அடங்கியது. பின்வரிசையிலிருந்து, துறைமுகமே அதிரும் ஏலக் குரலில், "அப்படிப் போடு!" என்று ஒரு கூச்சல். அப்பாவேதான்! அடுத்த நொடி ஆயிரத்தைந்நூறு பேரும் எழுந்து நின்றார்கள்.

வியர்வை வழிய மேடைக்குப் பின்னால் வந்த அரிசாவா, "அடுத்த வசந்தத்துல ஹாம்பர்க்ல எனக்கு ஒரு கச்சேரி இருக்கு. வர்றீங்களா?" என்றார்.

பிறகு லிஸ்பன், வார்சா, மான்ட்ரியல் என்று வருஷத்தில் பாதி நாள் பெட்டியும் கையுமாக அலையும் வாழ்க்கை அவளுக்கு வாய்த்தது. ஆனால் ஹாம்பர்க்தான் முதலாவது. அங்கே மேடைக் கதவைத் திறந்துவிட வேண்டிய ஊழியர் கைப்பிடியைத் தொடுவதற்குள், சியோரி தானே தள்ளித் திறந்துகொண்டு மேடைக்குப் போய்விட்டாள்.