நேற்று எறிந்தவரே இன்றும் எறிந்தார் என்றேன்

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

எங்கள் அண்ணர் எங்களை விட்டுப் போய் இன்று முப்பத்தோராம் நாள். மெல்பேணில் தமிழ் அச்சகம் எதுவும் இல்லை. ஆகையால் இந்த நினைவு மலரை நானே கையால் எழுத, என் கணவர் தமது வேலையிடத்து றோணியோ படியெடுக்கும் இயந்திரத்தில் உருட்டி எடுத்திருக்கிறார். எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் வரும் மற்றப் பிழைகளைப் பொறுக்கும்படி நான் யாரையும் கேட்கப்போவதில்லை.

அண்ணர் யாழ்ப்பாணத்து அளவெட்டியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். ஐயா காலமானபோது அவருக்குப் பதினேழு வயது. சின்னண்ணாவையும் என்னையும் படிப்பித்து ஆளாக்கியவர் அவரே. மிஷன் பாடசாலையில் படித்த நாட்களில், அங்கே கற்பிக்க வந்திருந்த அமெரிக்க ஆசிரியர் ஒருவர் பையன்களுக்குப் பேஸ்போல் பழக்கினார். ஊர் முழுவதும் கிரிக்கெட் பைத்தியம் பிடித்துத் திரிய, எங்கள் வீட்டுக்கு மட்டும் இந்தப் பைத்தியம் வந்து சேர்ந்தது. ஆசிரியர் திரும்பிப் போகும்போது தோல் கையுறை ஒன்றையும் ஒரு கட்டுப் பழைய சஞ்சிகைகளையும் அண்ணருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய ஊர் அமெரிக்காவின் வடக்கே பெரியதொரு ஏரிக்கரையில் இருக்கும் நகரம். அன்றிலிருந்து அந்த நகரத்து அணியே அண்ணரின் அணி. ஏதோ எங்கள் சொந்தக்காரர் மாதிரி, அவர்களை "ஏரிக்கரையார்" என்றுதான் சொல்லுவார்.

எழுபத்திரண்டில் அண்ணர் மெல்பேணுக்கு வந்து ரயில்வேயில் படவரைஞராகச் சேர்ந்தார். இரண்டு வருடம் கழித்து என்னையும் என் கணவரையும் அழைப்பித்தார். மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணர் இங்கே வந்த முதல் மாதமே வாங்கிய பொருள் கட்டிலோ கதிரையோ அல்ல, ஒரு சிற்றலை வானொலி. அமெரிக்காவில் இரவு நடக்கும் ஆட்டம் இங்கே காலையில் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் குசினி மேசையில் வானொலியை வைத்து, கம்பியை ஜன்னலில் கட்டி, அந்த இரைச்சலுக்குள் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பார். நான் தோசை சுட்டால் சட்டிச் சத்தத்துக்கும் ஏச்சு விழும்.

ஏரிக்கரையார் ஒவ்வொரு வருடமும் தோற்பார்கள். சித்திரையில் நம்பிக்கை, ஆடியில் தலைவலி, புரட்டாதியில் கருமாதி என்று நான் பகிடி பண்ணுவேன். "வெல்லுற ஆக்களுக்குப் பின்னாலை போறதுக்கு என்னத்துக்கு ஒரு மனுசன் வேணும்?" என்று அண்ணர் கேட்பார். நியூயோர்க்கின் பெரிய அணியைப் பற்றிப் பேச்சு வந்தால் முகம் சுளிப்பார். "அவங்கள் சீதனத்தோடை வந்த மாப்பிள்ளையள்" என்பார். வீரர்களை மாடு மாற்றுவதுபோல ஒரு அணி இன்னொரு அணியோடு மாற்றிக்கொள்வதை அவர் அறவே வெறுத்தார். எழுபத்துமூன்றில் பந்து எறிபவருக்குப் பதிலாக வேறொருவர் வந்து துடுப்பெடுத்து அடிக்கலாம் என்றொரு விதி வந்தது. அதற்கு அவர் கொண்ட கோபம் சாகும்வரை ஆறவில்லை. "எறியிறவன் தானே வந்து நிண்டு அடிக்கட்டும். மூண்டு தரம் தவறினால் தவறட்டும். அது அவன்ரை வெட்கம், அதை ஏன் பறிக்கிறாங்கள்?" என்பார். பத்துத் தரம் துடுப்பெடுத்து மூன்று தரம் சரியாக அடித்தால் அவன் பெரிய வீரன் என்பதே அவருக்கு இந்த விளையாட்டில் பிடித்த சங்கதி. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இது எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஏறியிருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

அம்மா வருடாவருடம் பெண்களின் சாதகம் அனுப்புவார். "சீசன் முடியட்டும்" என்று அண்ணர் பதில் எழுதுவார். சீசன் முடியும், கல்யாணம் நடக்காது.

இந்த வருடம் ஆடி மாதத்தில் அவருக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. வைத்தியசாலையில் பரிசோதித்த டாக்டர் என்னையும் என் கணவரையும் தனியே கூப்பிட்டு, வயிற்றில் புற்றுநோய், இரண்டு மூன்று மாதம் என்றார். இப்போதைக்குப் பயணம் செய்யும் தெம்பு இருக்கிறது, ஊருக்குப் போக விருப்பமானால் உடனே போகட்டும் என்றும் சொன்னார். "அவருக்கு நீங்கள் சொல்லுகிறீர்களா, நான் சொல்லவா?" என்று கேட்டார். நாங்களே சொல்லுகிறோம் என்று பொறுப்பை வாங்கிக்கொண்டு வந்தேன். சொல்லவில்லை. எங்கள் ஆட்களில் யார்தான் சொல்லியிருக்கிறோம்? சின்னண்ணாவும் ஊரிலிருந்து, "அண்ணைக்குச் சொல்லிப்போடாதை, மனம் உடைஞ்சு போவார்" என்று எழுதினார். வயிற்றுப் புண் என்று அண்ணரிடம் சொன்னேன்.

அன்று அவர் கேட்ட கேள்வி இப்போதும் காதுக்குள் நிற்கிறது.

"பிள்ளை, எனக்கு அம்மாவைப் பாக்கவேணும் போலை கிடக்கு. இப்பவே ஒருக்கால் போட்டு வரட்டோ?"

"என்ன அவசரம் அண்ணை? புண் ஆறட்டும். தை பிறந்தால் வழி பிறக்கும். எல்லாரும் சேந்து பொங்கலுக்குப் போவம்."

அவர் என்னை நம்பினார். நான் படுபாவி.

ஆவணி முடிவில் அவரை வார்ட்டில் சேர்த்தோம். அங்கே வானொலி வைக்க விடவில்லை. ஆகவே காலையில் வீட்டில் நான் முடிவுகளைக் கேட்டு எழுதி, பின்னேரம் இரண்டு மணிக்குப் போய் அவருக்குச் சொல்லவேண்டும். ஏரிக்கரையார் வழக்கம்போலத் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு நாள் வென்றார்கள் என்றேன். அண்ணர் அன்றைக்கு அரைக் கோப்பை கஞ்சி குடித்தார். பிறகு என்ன, ஒவ்வொரு நாளும் வென்றார்கள். அவருக்குப் பிடித்த எறிகாரர் ஒருவர் இருந்தார். அவரே முழு ஆட்டமும் எறிந்து வென்றதாக ஒரு செவ்வாய்க்கிழமை சொன்னேன். அண்ணருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதைக் கண்ட ஆசையில் புதன்கிழமையும் அதையே சொன்னேன்.

"நேத்து எறிஞ்சவரோ இண்டைக்கும் எறிஞ்சவர்?"

"ஓம் அண்ணை. நேத்தையைவிட இண்டைக்கு நல்லா எறிஞ்சவராம்."

அண்ணர் சிரித்தார். சிரிப்பில் வயிறு நொந்து கையால் பொத்திக்கொண்டார். "அடி விசரி, இது உன்ரை கிரிக்கெட் இல்லை. முழு ஆட்டம் எறிஞ்சவனுக்குக் கை ஆற மூண்டு நாலு நாள் வேணும். அடுத்த நாள் அவனைக் கிட்டவும் விடமாட்டாங்கள்."

நானும் அசடு வழியச் சிரித்தேன். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"தோத்ததை வெண்டதெண்டு சொல்லியிருக்கிறாய். எத்தினை நாளாய்?"

நான் கஞ்சிக் கோப்பையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன்.

"அப்ப வயித்துப் புண் எண்டு சொன்னதும் இதுபோலைதானோ?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கடவுள் கையில் கொண்டுவந்து தந்த சந்தர்ப்பம் அது. "சீ, என்ன கதை இது அண்ணை? புண்தான்" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். வெகுநேரம் கழித்து, "அம்மாட்டைப் போயிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். நான் ஓடிப்போய் டாக்டரிடம் கேட்டேன். இனி விமானத்தில் ஏற்ற முடியாது, காலம் கடந்துவிட்டது என்றார்.

அடுத்த நாளிலிருந்து உள்ளதை உள்ளபடியே சொன்னேன். ஏரிக்கரையார் தோற்றார்கள், திரும்பவும் தோற்றார்கள். அண்ணர் ஒவ்வொரு தோல்வியையும் விபரமாகக் கேட்டு, யாரில் பிழை என்று தீர்ப்பும் சொன்னார். தம்முடைய நோயைப் பற்றி மட்டும் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகச் சொல்லவுமில்லை. சீசன் முடிந்த எட்டாம் நாள் அவர் போய்விட்டார். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒன்றை இருவரும் பேசாமலே அவரை அனுப்பிவிட்டேன். மன்னிப்புக் கேட்கக்கூட அந்தப் பொய் என்னை விடவில்லை.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். இரவு பகல் பாராமல் பார்த்த தாதிமாருக்கு நன்றி. குருக்கள் இல்லாத ஊரில், செத்தவீட்டில் தேவாரம் பாடித் தரப் பெரியவர் ஒருவர் சிட்னியிலிருந்து ஒரு நாள் முழுக்கக் கார் ஓடி வந்தார். சனிக்கிழமைகளில் அண்ணரோடு பார்க்கில் பேஸ்போல் ஆடிய அவுஸ்திரேலிய நண்பர்கள், தங்கள் சீருடையோடே வந்து தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி நின்றார்கள். சமைத்துக் கொண்டுவந்த வீடுகள் அனைத்துக்கும் நன்றி.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. அண்ணர் இறந்தது இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது. "அண்ணை சுகமாகி வாறார் எண்டு சொல்லி வைச்சிருக்கிறம். அந்தியேட்டிக் கிரியையை அம்மா அறியாமல் கீரிமலையிலை செய்யிறம். நீ அண்ணையின்ரை எழுத்து மாதிரி ஒரு காயிதம் எழுதி அனுப்பு" என்று சின்னண்ணா எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? வான்கடிதத் தாள் ஒன்றை எடுத்து அண்ணரின் எழுத்தில் "அன்புள்ள அம்மா" என்று எழுதியும் விட்டேன். எழுத்து அவருடையதுபோலவே அச்சொட்டாய் வந்தது. கிழித்து அடுப்பில் போட்டேன்.

இந்த மலரின் முதற் பிரதியை அம்மாவின் பெயருக்கே தபாலில் சேர்த்துவிட்டேன். உங்கள் கைக்கு இது வந்து சேரும்போது அம்மாவின் கைக்கும் போயிருக்கும். சின்னண்ணா என்னை ஏசட்டும், ஊர் ஏசட்டும். அளவெட்டியில் இதை வாசிப்பவர்கள் யாராயிருந்தாலும், வாசிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே எங்கள் வீட்டுக்குப் போங்கள். அம்மா தனியே இருப்பார். பக்கத்தில் இருங்கள். அவர் எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கள். என்னைப் பற்றிக் கேட்டாலும்தான்.

இங்ஙனம்,
தங்கை