புகாருக்கு ஐந்து விரல்

புகார் கேட்பவர் கோலிக்குண்டை மெத்தையின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறார். குண்டு நடுவை நோக்கி ஓடினால் குழி விழுந்திருக்கிறது. வைத்த இடத்திலேயே நின்றால் மெத்தை நிரபராதி. புகார் கொண்டுவந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறார். அவர் மனைவியும் குனிகிறார். குண்டு அசையவில்லை.

"பாத்துக்குங்க. நான் சொல்லல, குண்டு சொல்லுது" என்று அதை எடுத்துச் சட்டையில் துடைத்து இழுப்பறையில் வைக்கிறார்.

மூன்று மாடி மெத்தைக் கடையில் புகார்ப்பிரிவு தரைத்தளத்தின் கடைக்கோடியில், லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் இடையே இருக்கிறது. வரிசையில் பாதிப் பேர் கழிப்பறைக்கு நிற்பதாக நினைத்துக்கொண்டு நிற்பவர்கள். அவர்களும் மேசையருகே வந்ததும் ஏதாவது ஒரு புகாரைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். எல்லார் வீட்டிலும் மெத்தை இருக்கிறது, எல்லார் மனத்திலும் குறை இருக்கிறது.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். ஒல்லி. சிப்பந்திகள் வைத்த பெயர் 'விரல் சார்'. காரணம் இதுதான்: கம்பெனி ஒருமுறை எல்லாரையும் ஒருநாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்பியது. மற்றவர்கள் மதியச் சாப்பாட்டை எண்ணி உட்கார்ந்திருந்த வேளையில் இவர் மட்டும் பாடத்தைக் கவனித்துவிட்டார். மனிதன் வாயைத் திறந்து ஒன்றை வலியுறுத்தினால் அது ஐந்தே வகைதான் என்று வகுப்பெடுத்தவர் சொன்னாராம். வகை ஐந்து, விரல் ஐந்து. அந்தப் பொருத்தத்தில் சொக்கிப்போனவர் இன்னும் தெளியவில்லை.

"இது மெத்தையே இல்ல சார், சாக்குமூட்டை" என்று வந்தால் கட்டைவிரல். அது பொருள் இன்னதென்று சொல்லும் பேச்சு. "மெத்தைன்னா என்னன்னு மொதல்ல நாம ரெண்டு பேரும் ஒத்துக்கணும்" என்பார். "குழி விழுந்திருக்கு" என்றால் சுட்டுவிரல், அதாவது நடப்பு. சாட்சி வேண்டும், குண்டு வரும். "இதுல படுத்துதான் முதுகு போச்சு" என்றால் நடுவிரல், அதாவது காரணம். "ரொம்ப மோசமான மெத்தை" என்றால் மோதிரவிரல், அபிப்பிராயம். "எதோட ஒப்பிட்டு?" என்று உடனே கேட்பார். "மாத்திக் குடுங்க" என்றால் சுண்டுவிரல், கோரிக்கை. அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: சுட்டுவிரலில் நிற்காதவன் சுண்டுவிரலுக்குத் தாவக்கூடாது.

நடுவிரலை மட்டும் அவர் தனியாக நிமிர்த்துவதில்லை, லேசாகத் தொட்டுக்காட்டுகிறார். ஆரம்பத்தில் நிமிர்த்தித்தான் காரணம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு லாரி டிரைவர் மேசையைத் தாண்டி வந்து சட்டைக்காலரைப் பிடித்த பிறகு முறையில் இந்தச் சிறு திருத்தம் செய்யப்பட்டது.

திறமையைக் குறை சொல்ல முடியாது. ஓர் அம்மாள் வந்தார், கண்ணுக்குக் கீழே கருவளையத்துடன். "இந்த மெத்தைல படுத்தா கெட்ட கெட்ட கனவா வருது சார்."

நடுவிரலைத் தொட்டுக்கொண்டார். "கனவுல யாரும்மா வராங்க?"

"எங்க மாமியார்."

"மாமியார் இப்ப எங்க இருக்காங்க?"

"எங்க வீட்லதான். மெத்தை வந்த வாரம்தான் அவங்களும் வந்தாங்க."

"அப்ப ரெண்டும் ஒண்ணா வந்திருக்கு. கனவுக்குக் காரணம் மெத்தையா, மாமியாரான்னு எப்படிப் பிரிச்சீங்க?"

அம்மாள் யோசித்தார். வரிசையே யோசித்தது.

"மெத்தைய வேணா மாத்தித் தரலாம்மா" என்றார் கனிவாக. "இன்னொண்ணு நம்ம கடை அயிட்டம் இல்ல."

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே போனதாகச் சொல்கிறார்கள். சிரித்தது நடப்பு. நிம்மதியில் சிரித்தாரா என்பதற்குச் சாட்சி இல்லை.

கடைக்கு வெளியிலும் கை ஓய்வதில்லை. முடிதிருத்துபவர் "இந்த வெட்டு உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கு" என்றால் துணிக்குள்ளிருந்து மோதிரவிரல் புடைக்கும். தெருமுனைக் கூட்டத்தில் தலைவர் பேசினால், கும்பலின் நடுவில் இவர் கை மட்டும் உயர்ந்து, மோதிரவிரலும் சுண்டுவிரலும் மாறிமாறி எழுந்து அடங்கிக்கொண்டிருக்கும். ஆதரவு தெரிவிக்கிறார் என்று நினைத்துத் தலைவரும் இவரைப் பார்த்துக் கையசைப்பார். ஒரு முழுப் பேச்சில் சுட்டுவிரல் ஒரே தடவைதான் எழுந்தது. "இப்ப மணி ஏழு" என்று தலைவர் சொன்னபோது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அதையும் மடக்கிக்கொண்டார்.

இவருக்கு நேர் எதிர், இரண்டாம் மாடியில் மெத்தை விற்கும் மைத்துனன், மனைவியின் தம்பி. அவன் வாயில் அபிப்பிராயம் தவிர வேறொன்றும் விளையாது. "மேகத்து மேல படுத்த மாதிரி இருக்கும் சார்!" என்று அவன் விற்பதெல்லாம் சில வாரம் கழித்து லிஃப்டில் இறங்கி இவர் மேசைக்கு வரும்.

"ஏன்டா, நீ வித்த மேகத்துல இவருக்கு இடுப்புப் புடிச்சிருக்கு."

"மாமா, நான் மாதிரின்னுதான் சொன்னேன். மேகம்னு சொல்லல."

கட்டைவிரலைத் தடவிப் பார்த்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்று விட்டுவிடுவார். நியாயஸ்தர்.

இப்படிப்பட்ட நியாயஸ்தருடன் குடித்தனம் நடத்துபவர் ஒரு தையல்காரர். வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறார். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசக்கூடியவர், ஒரு சொல்கூடச் சிதறாது. ஒருநாள் ஊசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். அதிலிருந்தே விஷயத்தின் கனம் புரிந்திருக்க வேண்டும்.

"இந்த வீட்ல நான் சொல்றத யாரும் காதுல வாங்கறதில்ல."

சுட்டுவிரல் எழுந்தது. "யாரும்னா யாரு? வீட்ல இருக்கறதே நாம ரெண்டு பேர்."

"அதத்தாங்க சொல்றேன்."

"அப்படின்னா ஒரே ஆள். எப்ப, எந்த விஷயம்? ஒரு உதாரணம் குடு."

"நீங்க மனுஷனா, மரக்கட்டையா?"

இங்கே ஒரு சாதாரணக் கணவன் வாயை மூடியிருப்பான். இவர் கட்டைவிரலை உயர்த்தி, "மரக்கட்டைன்னா அடையாளம் என்னன்னு சொல்லு, பொருந்துதான்னு பாப்போம்" என்றார். உண்மையாகவே பார்க்கத் தயாராக இருந்தார். அதுதான் கொடுமை.

தையல்காரர் ஊசியை மறுபடி வாயில் கவ்விக்கொண்டார். அதோடு பேச்சு நின்றது. அன்று முதல் தட்டு வருகிறது, தண்ணீர் வருகிறது, துவைத்த சட்டை வருகிறது. சொல் மட்டும் வருவதில்லை. இவர் தலையணை சோபாவுக்கு இடம்பெயர்ந்திருந்தது.

மறுநாள் மைத்துனனைப் படிக்கட்டில் மடக்கினார்.

"தலையணை சோபாவுல இருக்குடா. அது கோரிக்கையா, அபிப்பிராயமா?"

"மாமா, அது உதை."

"அப்படி ஒரு வகை இல்லையே."

"அக்காவுக்குப் பேச்சே பிடிக்கல போல மாமா. நேராப் போய் மன்னிப்புக் கேளுங்க."

"பிடிக்கலன்னு அவ சொன்னாளா, நீயாச் சொல்றியா?"

மைத்துனன் மேகம் விற்கப் போய்விட்டான்.

அதன் பிறகு மனிதர் சரியில்லை. சொல்லாத பேச்சுக்கு விரல் கிடையாது. கையை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டிருப்பார். சோபா குட்டை, கால் வெளியே தொங்கும். ஊருக்கெல்லாம் தூக்கத்தை அளந்து கொடுப்பவர் கொட்டாவி விட்டபடி புகார் கேட்டார். "மாத்திக் குடுங்க" என்றவருக்கு ஒரு கேள்விகூடக் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார். கடையே திடுக்கிட்டது. முதலாளி இறங்கி வந்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

ஒரு காலையில், தலையணையைக் குழந்தைபோல் அணைத்திருந்த ஒரு கிழவர் விலகியதும் இவர் நிமிராமல் "அடுத்து" என்றார்.

"மெத்தைல குழி."

குரலைக் கேட்டதும் நிமிர்ந்தார். தையல்காரர், தோளில் அளவுநாடா தொங்க, மேசைக்கு முன்னால் நின்றிருந்தார். சுட்டுவிரல் பழக்கதோஷத்தில் தானாக எழுந்தது. வாயும் பின்னாலேயே திறந்துகொண்டது.

"எந்தப் பக்கம்?"

"சுவத்துப் பக்கம்." சுவர்ப்பக்கம் இவர் படுக்கும் பக்கம்.

"எவ்வளவு ஆழம்?"

"கை வச்சுப் பாத்தேன். ஆள் படுத்திருக்கற மாதிரியே இருக்கு. ஆளத்தான் காணோம்."

லிஃப்ட் கதவு திறந்தது. மைத்துனன் ஒரு காலை வெளியே வைத்தவன் அப்படியே நின்றான். கதவு அவனை இடித்தது, திறந்தது, மறுபடி இடித்தது.

நடுவிரலைத் தொட்டார். "அதனால என்ன பாதிப்பு?"

"தூக்கம் வரல."

"குழியாலதானா? வேற எதுவும் காரணம்..."

"குறட்டச் சத்தம் இல்ல. அதுவாவும் இருக்கலாம்."

வரிசையில் யாரோ சிரித்தார். கிழவர் "உஷ்" என்று தலையணையால் அவரை அடித்தார்.

மோதிரவிரல் எழுந்தது. "பொதுவா... எப்படி? நல்லதா, மோசமா?"

"மெத்தைக்கு ஒரு கொறையும் இல்ல. பக்கத்துல படுக்கற ஆளுதான் மட்டம்."

"எதோட ஒப்பிட்டு?"

மைத்துனன் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது. கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். தையல்காரர் கணவரை நின்று நிதானமாகப் பார்த்தார், தைத்த ரவிக்கையைத் திருப்பிப் பார்ப்பதுபோல.

"ஒப்பிட வேற எங்க போவேன்? எனக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான்."

சுண்டுவிரல் மெல்ல, பாதிதான் நிமிர்ந்தது. "என்ன செய்யணும்ங்கற?"

"மாத்தித் தர வேணாம். கம்பெனி ஆள ஒரு தடவ வீட்டுக்கு வந்து பாக்கச் சொல்லுங்க."

மெத்தையைத் தூக்கிவராத குழிப் புகாரென்றால் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது கடையின் நடைமுறை. ஆகவே அவர் விதியை மீறினார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் புகாருக்கும் மதியச் சாப்பாட்டுக்கு முன் அவர் மேசையை விட்டு எழுந்ததே கிடையாது. இன்று எழுந்தார். 'இடைவேளை' அட்டையைத் திருப்பி வைத்தார்.

"அப்ப எங்க புகாரெல்லாம்?" என்றது வரிசை.

"மச்சான் பாத்துப்பான்" என்று லிஃப்டைக் காட்டினார். "அவன் வித்த மேகம்தான எல்லாம்."

வரிசை மொத்தமாக லிஃப்டின் பக்கம் திரும்பியது. மைத்துனன் கதவை மூடும் பொத்தானைத் தேடினான்.

அவர் இழுப்பறையைத் திறந்து கோலிக்குண்டை எடுத்தார். வழக்கம்போல் சட்டையில் துடைத்தார். பைக்குள் போடப்போன கை பாதியில் நின்றது. வாசலில் தையல்காரர் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்தார். குண்டைத் திரும்ப உள்ளேயே வைத்து, இழுப்பறையைச் சத்தம் வராமல் மூடினார்.