கீழே பார்த்த குருவிகள்

புது அரசருக்கு முடிசூட்டப் போகிறார்கள், அன்றைக்கு ஒரு தேநீர் விருந்து வைக்கிறோம், உங்கள் சங்கமும் ஒரு லோகோ கீறித் தாருங்கள், சட்டையில் குத்துகிற பட்ஜில் அடித்து எல்லோருக்கும் கொடுப்போம் என்று கவுன்சிலில் இருந்து கேட்டிருந்தார்கள். வென்ட்வேர்த்வில்லில் எங்கள் முதியோர் சங்கம் கூடுகிற மண்டபத்தில் தலைவர் இதை எழுந்து நின்று அறிவித்தார். அவர் ஊரில் வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். எதையும் எழுந்து நின்றுதான் சொல்லுவார்.

"ராசாவுக்கு எழுபது தாண்டினாப் பிறகுதான் வேலை கிடைச்சிருக்கு," என்றார் பின்வரிசையில் ஒரு அங்கிள். "எங்களை அந்த வயசில வீட்டில இருத்திப்போட்டாங்கள்."

சிரிப்பு அடங்குவதற்குள் என் பக்கத்தில் இருந்த பெண் கையை உயர்த்தி, அக்கா கீறுவா என்று என்னைக் காட்டிவிட்டார். மெரிலேண்ட்ஸில் இருந்து வருகிறவர், என்னை விட இளையவர், எப்போதும் எனக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பார். நவராத்திரிக்கு நான் மண்டபத்து வாசலில் போட்ட கோலத்தைப் பார்த்ததில் இருந்து அவருக்கு என் கை மேல் ஒரு நம்பிக்கை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாய் திறந்து மாட்டேன் என்று சொல்வதை விடக் கீறிக் கொடுப்பது எனக்குச் சுகம்.

அந்தச் சங்கத்தில் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. விழாக்களில் குத்துவிளக்கு ஏற்றச் சுமங்கலிகளை அழைக்கும்போது என்னையும் அழைப்பார்கள். என் கணவர் ஊரில் சண்டைக் காலத்தில் ஒருநாள் சைக்கிளில் போனவர், திரும்பி வரவில்லை. இறந்துவிட்டார் என்று எவரும் வந்து சொல்லவில்லை. சொல்லாதபடியால் நான் பொட்டை அழிக்கவில்லை, தாலிக்கொடியைக் கழற்றவில்லை, ஒரு கிரியையும் செய்ய விடவில்லை. ஆடி அமாவாசைக்குத் தகப்பனை நினைத்து விரதம் பிடிக்கட்டுமா என்று மகள் ஒருமுறை கேட்டாள். உயிரோடு இருக்கிறவருக்கு ஏன் விரதம் என்று அவளுடைய வாயை அடைத்துவிட்டேன். இந்த ஊர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிற ஏதோ ஒரு முதுகைப் பார்த்து, அது திரும்புமட்டும் மூச்சை விடாமல் நின்றிருக்கிறேன். இப்போதும் நிற்கிறேன். அவர் இருந்தால் அவருக்கும் இப்போது கூன் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் பார்ப்பது எல்லாம் நிமிர்ந்த முதுகுகளைத்தான்.

தலைவர் மூன்று விடயம் கேட்டிருந்தார். நடுவில் ஒரு கிரீடம், கீழே இந்த நாட்டு மஞ்சள் பூ, எங்கள் ஆட்கள் என்று காட்ட ஏதாவது ஒன்று. டூங்கபியில் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து கீறினேன். மகள் வேலைக்குப் போயிருந்தாள். கிரீடத்தைப் பத்திரிகைப் படத்தைப் பார்த்துக் கீறினேன், பூவை வேலியோரம் நின்ற மரத்தைப் பார்த்துக் கீறினேன். எங்களுக்கு என்று எதைப் போடுவது என்று யோசிக்கவே இல்லை. கிரீடத்தைச் சுற்றிக் குருத்தோலைத் தோரணம் தானாக வந்தது. ஓலையை மடித்துக் குருவி செய்து தொங்கவிடுகிற தோரணம். ஒரு குருவி கீறினதும் அடுத்தது தன்பாட்டில் வந்தது. பென்சிலை அழுத்தவே தேவைப்படவில்லை. யாரோ எனக்குப் பின்னால் நின்று பார்க்கிறதுபோல் இருந்தது. பயமாக இருக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் போய்விடும் என்று திரும்பாமல் இருந்தேன்.

மகள் வந்து, வடிவாயிருக்கு அம்மா என்று போனில் படம் பிடித்துத் தலைவருக்கு அனுப்பினாள். கவுன்சிலில் எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம். அங்கே ஒரு பிள்ளை அதைக் கொம்பியூட்டரில் ஏற்றி நிறம் கொடுத்து, பார்க்கச் சொல்லிச் சில பட்ஜுகளை அடித்தும் அனுப்பிவிட்டது.

அடுத்த கூட்டத்தில் அவை கைக்குக் கை போயின. மெரிலேண்ட்ஸ்காரி ஒன்றை எடுத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு என் காதுக்குள் சொன்னார்.

"அக்கா, குருவியெல்லாம் கீழ பாக்குது."

நல்ல வீட்டுத் தோரணத்தில் குருவியின் தலை மேலே பார்க்கும். செத்தவீட்டுத் தோரணத்தில் கீழே பார்க்கும். எங்கள் ஆட்களில் இது தெரியாத பெரியவர்கள் இல்லை. எனக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். என் கணவர்தான் சொந்தக்காரருக்கெல்லாம் தோரணம் கட்டிக் கொடுக்கிறவர். எந்த வீட்டுக்குப் போகிறேன் என்று வாயால் சொல்ல மாட்டார், குருவியைப் பார்த்து நானே அறிந்துகொள்ள வேண்டும். கீழே பார்க்கிற குருவி என்றால் வந்து தலைமுழுகுவார் என்று கிணற்றடியில் வாளி நிறைய அள்ளி வைப்பேன். கடைசி நாளும் கரியரில் கட்டியிருந்த தோரணத்தில் குருவிகள் கீழேதான் பார்த்தன. அள்ளி வைத்தேன். அந்தத் தண்ணீரை நான் ஊற்றவில்லை. அது வெயிலில் தானாக வற்றியது.

மெரிலேண்ட்ஸ்காரி மெல்லத்தான் சொன்னார். என்றாலும் முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது. பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. பின்வரிசை அங்கிள் மட்டும் பகிடியை விடவில்லை. "தாய் செத்தபடியாத்தானே ராசாவானவர். ஒரு பிழையுமில்லை, அப்பிடியே விடுங்கோ." இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. பட்ஜைப் பார்த்த கண்கள் ஒவ்வொன்றாக என் நெற்றிக்கு வந்தன, வந்துவிட்டு அவசரமாக விலகின.

"அக்கா," என்று மெரிலேண்ட்ஸ்காரி என் கையைப் பிடித்தார். "அண்ணையைப் பற்றி ஏதும் செய்தி வந்ததோ?"

"இல்லை," என்றேன். "ஒண்டும் வரேல்லை."

அது உண்மைதான். ஆனால் என் கைக்கு ஏதோ வந்திருந்தது, அது என்னிடம் கேட்காமலே எழுதிக் கொடுத்துவிட்டது. அந்த மண்டபத்தில் அது என்னவென்று தெரியாதவர் ஒருவரும் இல்லை.

தலைவர் மரியாதையாகப் பேசினார். கவுன்சில்காரருக்கு இது இலைதான், ஆனாலும் நாங்கள் குத்திக்கொண்டு நிற்கிற பட்ஜ் அல்லவா, மாற்றித் தாங்கோ என்றார். வீட்டுக்கு வந்து மேசையில் இருந்தேன். மேலே பார்க்கிற குருவி ஒன்று கீறினேன். அது குருவியாக வரவில்லை, ஏதோ கிழிந்த ஓலை மாதிரி இருந்தது. இன்னொன்றும் அப்படித்தான். கடைசியில் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, கீழே பார்க்கிற குருவிகளையே கீறினேன். திருப்பிப் பார்த்தபோது எல்லாம் மேலே பார்த்தன. பின்னால் அன்றைக்கு நின்றவர் இந்த முறை நிற்கவில்லை.

விழா நாளில் அந்தப் பட்ஜை எல்லோரும் குத்தியிருந்தார்கள். தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெண்கள் வந்து, வடிவு என்று சொல்லி என் கையைக் குலுக்கினார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். தேநீருக்கு முதல் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிட்டார்கள். வழக்கம் போல எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். மெரிலேண்ட்ஸ்காரி விளக்கில் தன் பங்குக்கு ஒரு முகத்தை ஏற்றிவிட்டு மெழுகுதிரியை என்னிடம் நீட்டினார். கொஞ்சமும் தயங்காமல், எப்போதும் போல நீட்டினார். தயங்கியது நான். மெழுகு உருகி அவருடைய விரலுக்கு வந்துகொண்டிருந்தது.

"அவவிட்டக் குடுங்கோ," என்று அடுத்து நின்றவரைக் காட்டிவிட்டு நான் பின்னுக்கு வந்தேன். சபையில் நான் சொன்ன சொல் அவ்வளவுதான். மண்டபத்தின் மறுபக்கம் நின்ற மகள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

காரில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது மகள் கேட்டாள், அப்பாவின் கிரியைக்கு ஐயரோடு கதைக்கட்டுமா என்று. சரி, கதை என்றேன்.

"ஐயர் திதி கேப்பார் அம்மா."

"அவர் சைக்கிள்ல போன நாள் எனக்குத் தெரியும். அதையே வை."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு அப்பா உயிரோடதானே இருந்தவர்," என்றாள்.

பச்சை விழுந்து பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். மகள் காரை எடுத்தாள்.