தூரத்தைக் கலரில் ஏற்றியவள்

அவளுக்கு வலது கண் கிடையாது. ஏழு வயதில் கம்பி வளைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது முனை தெறித்துக் கண் போனது. கண்ணாடிக் கண் வைத்திருந்ததால் பார்ப்பவர்களுக்கு லேசில் தெரியாது. ஒரு பழக்கம்தான் காட்டிக்கொடுக்கும். டம்ளரோ பேனாவோ, எதை எடுக்கக் கை நீட்டினாலும் முதலில் தலையை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் அசைத்துப் பார்ப்பாள். இரண்டு கண் உள்ளவர்களுக்குச் சும்மா கிடைக்கும் தூரம், அவளுக்கு அப்படி மெனக்கெட்டால்தான் கிடைக்கும். அலுவலகத்துச் சின்னப் பெண்கள் ‘மீட்டரக்கா’ என்று பெயர் வைத்தார்கள். அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

துறைமுகத்துக் கிரேன்களுக்குக் கேமரா செய்து கொடுக்கும் கம்பெனியில் அவள் இன்ஜினீயர். முன்பெல்லாம் ஆபரேட்டர்கள் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே குனிந்து பார்த்தபடி கன்டெய்னர்களை இறக்குவார்கள். இப்போது தரையில் ஓர் ஏசி அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தே வேலை. கிரேனின் கையில் ஒரு கேமரா, பக்கத்தில் தூரத்தை அளக்கும் ஒரு கருவி. படம் ஒரு லைனில் வரும். தூரம் வேறொரு லைனில் வந்து, திரையின் மூலையில் பச்சை எண்ணாக விழும்.

அந்த இரண்டும் சேர்ந்து வருவதில்லை என்பதுதான் தொல்லை. படம் முந்திக்கொள்ளும். எண் அரை நொடியோ ஒரு நொடியோ பிந்தி, ஆடி அசைந்து வந்து சேரும்.

ஒரு நாள் மத்தியானம் திரையில் இரண்டு மீட்டர் என்று இருந்தது. அதை நம்பி இறக்கிய கன்டெய்னர் கீழே இருந்ததன் மேல் ‘டமார்’ என்று உட்கார்ந்தது. உள்ளே நாற்பது குளியல் தொட்டிகள். நாற்பதும் விரிசல். யாருக்கும் அடிபடவில்லை. இறக்கியவர் முப்பது வருஷமாக அந்த வேலையைச் செய்பவர், எல்லோருக்கும் கிரேன் அண்ணன். மறுநாளே அவர் அந்தப் பச்சை எண்ணின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டார்.

விஷயம் காதுக்கு எட்டியதும் மீட்டரக்கா நேரில் போனாள்.

“ஏண்ணே மறைச்சு வச்சிருக்கீங்க?”

“நேத்து பேப்பர இன்னைக்கு எதுக்கும்மா படிக்கணும்? உன் நம்பர் வந்து சேர்றதுக்குள்ள பெட்டி உக்காந்துடுது.”

“அப்போ எத வச்சு இறக்குறீங்க?”

“நிழல வச்சுத்தான். பெட்டியும் நிழலும் ஒட்டிக்கிச்சுன்னா இறங்கிடுச்சுன்னு அர்த்தம். மேகம் போட்டா சாமிய வேண்டிக்கிறதுதான்.”

அவளுக்குச் சுருக்கென்றது. நிழலைப் பார்த்துத் தூரம் கணிப்பது எவ்வளவு சிரமம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அன்று முழுக்க அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

எண்ணின் லைனை வேகமாக்க வழியில்லை. அது துறைமுகத்தின் லைன். வீடியோவுக்கு முதல் மரியாதை, மற்றதெல்லாம் வரிசையில் நிற்க வேண்டும். அப்படியென்றால் தூரத்தையும் வீடியோவுக்குள்ளேயே ஏற்றி அனுப்பிவிடுவது என்று முடிவெடுத்தாள். ஒவ்வொரு படமும் தன் தூரத்தைத் தானே சுமந்து வந்தால் முந்துவது ஏது, பிந்துவது ஏது?

முதலில் ஒளித்து வைத்துப் பார்த்தாள். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் நிறத்தை இம்மியளவு கூட்டி, இம்மியளவு குறைத்து, கண்ணுக்கே தெரியாமல் தூரத்தைச் செருகினாள். ஆறு வாரம் பிடித்தது. ஆபீஸ் மேஜையில் அருமையாக வந்தது. துறைமுகத்து லைனில் போட்டதும் மூன்று, நாற்பத்தொன்று, பூஜ்யம், பதினேழு என்று எண்கள் கூத்தாடின. லைனில் போகும் வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்புவார்கள். சுருக்கும்போது, கண் கவனிக்காத நுணுக்கமெல்லாம் முதலில் கழித்துக்கட்டப்படும். அவள் பார்த்துப் பார்த்து ஒளித்து வைத்தது அத்தனையும் குப்பைக்குப் போனது.

இரண்டு நாள் தன் கணக்கையெல்லாம் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். மூன்றாம் நாள், பாழாய்ப்போன அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கன்டெய்னரின் சிவப்புப் பக்கம் அப்படியே இருந்தது. பட்டையாகப் பூசிய நிறத்தில் சுருக்கும் முறை கை வைக்கவில்லை. பொடிப் பொடியாக இருந்ததுதான் போயிருந்தது.

படத்தின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்தாள். அடியில் கிடைத்த இடத்தில் அதே காட்சியைத் தூரத்தின் நிறத்தில் தீட்டினாள். பக்கத்தில் இருப்பது சிவப்பு, போகப் போக மஞ்சள், பச்சை, கடைசியில் நீலம். போய்ச் சேருகிற கம்ப்யூட்டர் அந்தப் பட்டையைப் பிரித்து எண்ணாக மாற்றிவிடும். ஆபரேட்டருக்கு வழக்கமான படம்தான் தெரியும்.

அவள் புருஷனுக்குச் சலவைக் கடை. சாப்பாட்டு மேஜையில் திறந்திருந்த லேப்டாப்பைப் பார்த்து அவன் நெஞ்சில் கை வைத்தான்.

“எந்தக் கஸ்டமர் துணியில சாயம் ஒட்டிடுச்சோன்னு பயந்தே போயிட்டேன். இதுவா உன் வேலை?”

“இதுதான். நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. துவைக்கச் சொல்லாத வரைக்கும்.”

எண்கள் இப்போது ஒழுங்காக வந்தன, ஓர் இடத்தைத் தவிர. பக்கத்தில் இருக்கும் பெட்டி சிவப்பு, பின்னால் தரை பச்சை. சுருக்கும்போது இரண்டும் விளிம்பில் லேசாகக் குழைந்து மஞ்சள் ஆயிற்று. மஞ்சள் என்றால் எட்டு மீட்டர். எட்டு மீட்டரில் அங்கே ஒரு துரும்புகூட இல்லை. அதனால் அனுப்பும் முன்பே, தூரம் திடீரென்று மாறும் இடங்களிலெல்லாம் கறுப்புக் கோடு இழுத்தாள். கறுப்பு வந்தால் எண் வராது, அது இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் வரும்.

மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. “நம்பர் இல்லாம கோடு வந்தா வாங்குறவங்க என்ன நினைப்பாங்க? பக்கத்து நம்பர எடுத்து நிரப்பிடுங்களேன்.”

“தெரியாததத் தெரிஞ்ச மாதிரி காட்டுனா அது பொய் சார். நாற்பது தொட்டி ஏற்கெனவே உடைஞ்சிருக்கு.”

அவள் குரலை உயர்த்தவில்லை. அவர்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி. ஒரு கிரேன், ஒரு மாசம். பாக்கலாம்.”

முதல் நாளே மேகம் போட்டிருந்தது. கிரேன் அண்ணன் காகிதத்தைக் கிழித்துவிட்டு உட்கார்ந்தார். பெட்டி இறங்க இறங்க எண்ணும் கூடவே இறங்கியது. பெட்டியின் ஓரம் குறுக்கே வந்தபோது எண் மறைந்து கோடு வந்தது. அவர் கை நின்றது. பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தினார், எண் திரும்ப வந்தது. ஒரு மீட்டர், அரை மீட்டர், கால். சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது.

“தெரியலன்னு ஒத்துக்கிற மெஷின இப்பத்தாம்மா பாக்குறேன்,” என்றார் அவர். அதற்குமேல் பாராட்டவில்லை. அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

வருஷம் திரும்புவதற்குள் துறைமுகத்தில் இருந்த ஆறு கிரேன்களுக்கும் அதுவே வந்தது. காப்புரிமைப் பத்திரத்தில் மேனேஜர் பெயர் முதலில் இருந்தது, அவள் பெயர் நான்காவதாக. புருஷன் இரண்டு நாள் பொருமினான். அவளுக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைக் கட்டிக்கொண்டு அழ நேரமில்லை. மழை பெய்தால் துளிகளையே பொருள் என்று நினைத்துக் கருவி தூரம் சொல்கிறது. எட்டு மாதமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னும் பிடிபடவில்லை.