வைக்கோலால் கழுவிய கறுப்புக் கார்

"துணியால தொடைக்கிறதுக்கு ஒரு கடையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்காத கார் பாலிஷ்காரர் யாராவது இருந்தால், அவரை எனக்கு அறிமுகப்படுத்துங்கள். வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளும் பக்கெட்டுமாகத் தோள்பட்டை தேய்கிற சக தொழிலாளர்களே, உங்களுக்குத் தெரியும். பெயிண்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. கிளியர் கோட் என்பார்கள். கீறல் பெரும்பாலும் அதில்தான் விழுகிறது. தண்ணீர் விட்டு அதை மட்டமாகத் தேய்த்து, பளபளப்பைத் திரும்பக் கொண்டுவருவதுதான் நம் பிழைப்பு. அந்தப் பூச்சு காகிதத்தைவிட மெல்லியது, தேய்ந்து போனால் போனதுதான். மணவாள நகரில் இருக்கிற என் ஷெட்டில் இதுவரை ஒரு காரிலும் அது போனதில்லை. தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

நாஷ்டாவுக்குப் போய்வந்தவர்

பாஸ்கர் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் சூப்பர்வைசர். அவர் கார் வருடக்கணக்காக ஆலை வாசலில் நின்று, பறந்துவந்த இரும்புத் தூளெல்லாம் மேலே படிந்து துருப்பிடித்து, அம்மை போட்ட மாதிரி இருந்தது. அங்கிருந்து என்னைத் தேடிக்கொண்டு வந்தார் என்றால் சும்மாவா?

துருவை மருந்து தெளித்து எடுத்தேன். மிச்சமிருந்த குழிகளுக்காக பானெட்டைத் தேய்த்து முடித்த நேரம் பார்த்து மனுஷன் காலை நாஷ்டா முடித்துத் திரும்பி வந்துவிட்டார். தேய்த்த இடம் மெஷின் போடும்வரை பளபளப்பு செத்து வெளுத்துத்தான் கிடக்கும். நீலக் கார் சாம்பல் பூசினாற்போல நிற்பதைப் பார்த்துத் தலையில் கைவைத்தவரை உட்காரவைத்து, கம்பவுண்டு பசை போட்டு ஒரு மூலையை மட்டும் மெஷினால் பாலிஷ் பண்ணிக் காட்டினேன். அந்த மூலையில் ஷெட்டின் கூரை அப்படியே தெரிந்தது. குனிந்து பார்த்தவர் சொன்னார்: "இன்னா சார், போன உசுரு இப்பத்தான் வந்துக்கினு இருக்குது!"

மாடும் காரும்

திருப்பாச்சூர்ப் பக்கம் நிறைய நெல் கழனி வைத்திருக்கிறவர் தணிகாசலம். என் அப்பா மாணிக்கம் முப்பது வயது வரைக்கும் அவருடைய கழனியில்தான் உழைத்தார், பிறகுதான் கம்பெனி வேலைக்குப் போனார். போன மாதம் தணிகாசலத்தின் புதுக் கறுப்புக் கார் என் ஷெட்டுக்குள் வந்து நின்றது. வெயிலில் பார்த்தால் மேலெல்லாம் வட்ட வட்டமாகக் கோடு, ஏர் ஓட்டியதுபோல. அதற்கடுத்த வாரம் அவர் மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை அழைப்பு இந்தக் காரில்தானாம்.

எதை வைத்துக் கழுவினீர்கள் என்று கேட்டேன். தினமும் வைக்கோலைச் சுருட்டி, வயல் பம்புசெட் கொட்டகையில் தானே அழுத்தித் தேய்த்ததாகச் சொன்னார் பெருமையாக. கார் தாங்காதுங்க என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தினி வருஷமா மாட்டக் கழுவிக்கினு வரேன், எந்த மாடும் கோடு உழுந்துச்சின்னு வந்து நிக்கல!"

பக்கெட்டில் கறுப்பு

கோபப்பட்டாலும் தணிகாசலம் காரை என்னிடம் விட்டுவிட்டுத்தான் போனார். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவே இல்லை. அவருக்குப் பயம். ஊரில் வேறு யார் காரைக் கெடுத்தாலும் அது தொழிலில் நடந்த தப்பு. தணிகாசலம் காரைக் கெடுத்தால் "மாணிக்கம் புள்ள கெடுத்துட்டான்" என்றுதான் பேச்சு வரும். எனக்கு அதனாலேயே அந்தக் காரைச் செய்ய வேண்டும் என்று ரோஷம் வந்தது.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். பூச்சின் கனத்தை மீட்டர் வைத்து அளந்தேன். ஓரங்களில் பூச்சு எப்போதும் மெல்லிசு, அதனால் டேப் ஒட்டி மறைத்தேன். ஊறவைத்த வாட்டர் பேப்பரை ரப்பர் கட்டையில் சுற்றி, அழுத்தாமல், துடைத்துத் துடைத்துப் பார்த்துத் தேய்த்தேன். வழிகிற தண்ணீர் பால் நிறத்தில் இருக்கிறவரை பயமில்லை, கிளியர் கோட்தான் கரைகிறது. கார் நிறத்தில் வந்தால் பெயிண்டைத் தொட்டாயிற்று என்று அர்த்தம். டிரைவர் பக்கக் கதவில் தண்ணீர் கறுப்பாக வழிந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது. அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணியால் கதவைத் துடைத்தேன், துணி சுத்தமாக இருந்தது. மேலே ஜன்னல் ரப்பரைத் துடைத்தேன், துணி கறுத்தது. வைக்கோல் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் ரப்பர் சாயம் விட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மீட்டரை மறுபடி வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் துணியைக் காட்டினேன். நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னார்: "டேய், இதுக்கு நாத்து நட்டுக்கினே இருந்திருக்கலாம்டா!"

ஏறு மாணிக்கம்

காரை எடுக்க வந்த தணிகாசலம் பானெட்டில் தன் மீசையைப் பார்த்தார். சுற்றிவந்து கதவில் பார்த்தார். சட்டைப் பித்தான் உரசிவிடும் என்று வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். இதைவிட எனக்கு என்ன சர்டிபிகேட் வேண்டும்!

அப்பா வழக்கம்போல ஓரமாக நின்றிருந்தார். கழனி வேலையை விட்டு இத்தனை வருடம் ஆகியும் தணிகாசலத்தின் முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தணிகாசலம் முன்சீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறு மாணிக்கம், போற வழிதான, ஊட்ல உட்டுட்றேன்" என்றார். நல்ல மனசோடுதான் கூப்பிட்டார். அந்த வீட்டின் டிராக்டர் டிரெய்லரில் நின்றபடி போயிருக்கிற அப்பா, திறந்த கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

பிறகு அப்பா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, தணிகாசலத்தின் எதிரிலேயே சாவகாசமாக உட்கார்ந்தார். "நீங்க போய்ட்டு வாங்க ஐயா. இது எம் புள்ள கடை, நான் இங்க கொஞ்ச நேரம் குந்திக்கினு இருக்கிறேன்."

ஒரு மனிதரை ஒரு நாற்காலியில் உட்காரவைக்க ஒரு கார் முழுவதையும் தேய்க்க வேண்டியிருக்கிறது, நம் தொழிலில் கூலி அப்படித்தான் வருகிறது.