மலைத் தண்ணீரும் துவரம்பருப்பும்

நாங்கள் எந்த ஊரில் குடியிருப்பது என்பதை முடிவு செய்கிற பொறுப்பு ஒரு காலத்தில் துவரம்பருப்பிடம் இருந்தது. அப்பாவின் நம்பிக்கை அப்படி. ஓர் ஊரின் தண்ணீரில் பருப்பு மலர்ந்து வெந்தால் அங்கே குடும்பம் நடத்தலாம், விறைத்துக்கொண்டு நின்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அவருடைய முப்பாட்டன் ஒரகடத்துப் பக்கம் வந்து ஏரிக்கரையில் முதல் உலை வைத்தபோது பருப்பு வெண்ணெயாகக் கரைந்ததாம். அதனால்தான் நாங்கள் அந்த ஊர்க்காரர்கள் ஆனோமாம். ‘உன் பருப்பு இங்கே வேகாது’ என்று யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லிவிட முடியாத வீடு எங்களுடையது.

எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது நான் பிறந்த பிறகுதான், ஆனால் எனக்கு நினைவில்லை. நான் பார்க்கும்போது அந்த இடத்தில் ஒரு கம்பெனியின் கேட்டும், கேட்டுக்கு முன்னால் ஒட்ட வெட்டிய புல்தரையும் இருந்தன. அப்பா ஒரு குட்டியானை வண்டி வாங்கிக் கம்பெனிகளுக்கு லோடு ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த கேட்டைக் கடக்கும்போது மட்டும் வண்டி தானாக மெதுவாகும். “நெல்லு வெளஞ்ச எடத்துல புல்லுக்குத் தண்ணி காட்டிகினு கீறானுங்க பாரு” என்பார். பதில் எதிர்பார்த்துச் சொல்கிற பேச்சு அல்ல அது.

ஏரித் தண்ணீர் கெட்டுப்போய், வீட்டில் போர் போட்டோம். அதில் பருப்பு வேகவில்லை. அம்மா குக்கரில் வைத்துச் சமாளித்தாள். அப்பா அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. “குக்கர்ல போட்டா கருங்கல்லும்தான் வேகும்” என்றார். அந்தச் சமயம் பார்த்து வண்டிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஏலகிரிக்கு டூர் போனார்கள். அப்பா திரும்பி வந்தபோது ஒரு பலாப்பழமும் ஒரு முடிவும் கொண்டுவந்தார். வீட்டை விற்றுவிட்டு ஏதாவது ஒரு மலையில் நிலம் வாங்கிக் குடியேறிவிடுவது. எந்த மலை என்பதைத் தண்ணீர் சொல்லும்.

அப்பா தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். அம்மா முயலைப் பிடித்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டாள். மலை என்று அவர் சொன்னதும் “சரி” என்றாள். அந்தச் சரியைக் கேட்டு நான் நம்பினேன். அப்பாவும் நம்பியிருக்க வேண்டும்.

அம்மா அப்போது ஒரு வருஷமாகக் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துவந்தாள். விடியும் முன்னே கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். லைனில் அவளுக்கு இணையாக ஒயர் சுற்ற ஆள் இல்லை என்று கூட வேலை செய்யும் அக்காக்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அட்டையில் அவளுடைய போட்டோவும் பெயரும் இருந்தன. ஊரில் அதுவரை அவள் இன்னாரின் பெண்டாட்டி, என் பள்ளிக்கூடத்தில் என் அம்மா. முழுப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்ட முதல் ஆள் சூப்பர்வைசராகத்தான் இருப்பார். ஆயுத பூஜை லீவு முடிந்து திங்கட்கிழமை அவளை நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள். வேலையை விடமாட்டேன் என்று அவள் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் நிலத்தைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற மனுஷனிடம் அதை எப்படிச் சொல்வது? எனக்கு இப்போது புரிகிறது, அவளுக்கு அவர்மேல் அவ்வளவு இரக்கம் இருந்தது. வேலைமேல் அதைவிடப் பிடிவாதம் இருந்தது.

பூஜை முடிந்த கையோடு கிளம்பினோம். வண்டியின் நெற்றியில் சந்தனப் பொட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. பின்னால் பம்ப் ஸ்டவ், பாத்திரம், அரிசி, பருப்பு, மசாலா சாமான் பை. முன்னால் அப்பா, அம்மா, நடுவில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு நான். எலுமிச்சம்பழம் எந்த வளைவிலும் வேலை செய்யவில்லை. ஏலகிரி ஏறி முடிப்பதற்குள் நான் காலையில் சாப்பிட்டதை எல்லாம் மலைக்கே கொடுத்துவிட்டேன்.

லாரி டிரைவர்கள் சொல்லிவைத்திருந்த நிலங்களைத்தான் அப்பா பார்த்தார். ஏலகிரியில் பார்த்த நிலம் நன்றாகவே இருந்தது. கிணற்றுத் தண்ணீர் இனித்தது. அப்பா ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டு எல்லை பார்க்கப் போனார். அம்மா தண்ணீர் கொதித்ததும் நெல்லிக்காய் அளவு புளியை எடுத்துப் போட்டாள், அப்புறம் பருப்பைப் போட்டாள்.

“புளி இப்பவே போடுவாங்களாம்மா?” என்றேன்.

“மலை ஊர்ல இப்டித்தான் பாப்பா போடணும்.”

புளியை முதலில் போட்டால் பருப்பு சாமானியத்தில் வேகாது என்பது அடுப்படியில் நின்ற யாருக்கும் தெரியும். நான் அப்போது நான்காம் வகுப்பு. மலைச் சமையல் முறை ஒன்றைக் கற்றுக்கொண்ட பெருமையில் இருந்தேன். அப்பா வந்து பருப்பை விரல்களுக்கிடையே வைத்து நசுக்கினார். அது நசுங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று மண்ணெண்ணெய்தான் செலவானது. “தண்ணி பொய் சொல்லாது” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

ஏற்காட்டுப் பக்கம் மிளகும் காப்பியும் இருந்த ஒரு துண்டு நிலம். அங்கேயும் அப்பா எல்லை பார்க்கப் போனார், அங்கேயும் அதே கதை. ஆனால் நிலத்துக்காரரின் மனைவிக்கு ரோஷம் வந்துவிட்டது.

“எங்க தண்ணியில பருப்பு வேகலீங்களா? அப்ப நாங்க தெனமும் கல்லையா திங்கறோம்?” என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தார்.

அப்பா கரண்டியோடு நின்றார். அந்த அம்மாள் பாத்திரத்தின் மேல் குனிந்து மோந்து பார்த்தார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் அவரைப் பார்த்தாள், இமைக்காமல். பிறகு அந்த அம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, “ஆமாங்க, இந்த ஓடைத் தண்ணி ஒரு மாதிரிதான்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். போனவர் எனக்கு இரண்டு கொய்யாப்பழம் கொடுத்தனுப்பினார். ஒரு நிமிஷத்தில் இப்படி மாறுகிறாரே, இவர் என்ன மனுஷி என்று நான் கொய்யாவைக் கடித்தபடி நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவதாகக் கொல்லிமலை. வாழைக்கன்றுகள் சருகாகிவிட்டிருந்தன. அந்த நிலத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சரிவில் பலாமரங்கள், மரங்களுக்குக் கீழே நிழல், ஓரத்தில் பாறையிடுக்கிலிருந்து ஊற்று. அப்பா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கி, மோந்து, மறுபடி கசக்கினார். “மண்ண பாரு பாப்பா, இன்னா மண்ணு!” என்றார். ஊரில் லோடு ஏற்றி இறக்கும்போது நான் பார்த்த அப்பா அல்ல அவர். நடையே வேறாக இருந்தது.

அம்மா வழக்கம்போல சாமான் பையை எடுத்தாள். அப்பா தடுத்தார்.

“இங்க நான் வேக வெக்கறேன். நீ போய் குந்து.”

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. பையை வைத்துவிட்டு மெதுவாக வண்டிக்குப் போய், கதவைத் திறந்து படியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

“நாளன்னிக்கு மொத ஷிப்ட்டு.”

கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. அப்பா ஊற்றிலிருந்து தண்ணீர் பிடித்துவந்து அடுப்பில் வைத்தார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்வரை அந்த நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மரமாகப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“உங்கம்மா புளி எங்க வெச்சிக்கீறா?”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சின்ன உருண்டையாகப் பிய்க்கப் போனவர், யோசித்து, பெரிய உருண்டையாகவே போட்டார். சமையல் தெரியாத அப்பாவுக்கு இது மட்டும் எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

“மலை ஊர்ல இப்டித்தான் மொதல்ல புளி போடணும்ப்பா” என்று நானும் என் பங்குக்கு எடுத்துச் சொன்னேன்.

“தெரியும் பாப்பா” என்றார்.

எப்போது தெரிந்துகொண்டார் என்று நான் கேட்டதில்லை. ஏற்காட்டில் கரண்டியோடு நின்றபோதாக இருக்கலாம். முதல் மலையிலேயே தெரிந்து, மூன்றாவது மலைவரை ஓட்டிப் பார்த்தாரோ என்னவோ.

அந்தப் பருப்பு மூன்று பருப்பிலும் மோசமான பருப்பு. அப்பா ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பதுபோலச் செய்தார். “இந்தா, இங்கியும் வேவல. கெளம்பலாம் வா” என்று வண்டியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அம்மா எழுந்து வந்தாள். அவளும் ஒரு பருப்பை எடுத்து நசுக்கினாள். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஸ்டவ்வின் காற்றைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார், தலை நிமிரவே இல்லை.

சோற்றில் அந்தப் பருப்பைப் போட்டுப் பிசைந்து மூன்று பேரும் சாப்பிட்டோம். புளிப்பும் கல்லுமாக இருந்தது. அப்பா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். அம்மா பரிமாறிய கையைத் தட்டின்மேலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பாத்திரங்களைக் கழுவி ஏற்றினோம். அப்பா கைகால் கழுவினார், ஆனால் நகக்கண்ணில் அந்த மண் அப்படியே இருந்தது.

வண்டி இறங்கத் தொடங்கியது. முதல் வளைவைத் தாண்டியதும் அம்மா அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல் ஆரம்பித்து, அடக்க முடியாமல், முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதாள். மூன்று நாளாக மலை மலையாக ஏறியும் ஒரு நிலம்கூட அமையவில்லையே, பாவம், அவளுக்கு இருக்காதா என்று நினைத்து, அவள் மடியில் ஏறி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துவிட்டேன்.

“அழாதம்மா. அடுத்த லீவுக்கு வேற மலைக்குப் போலாம்” என்றேன். “போலாம் இல்லப்பா?”

அப்பா ரோட்டைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார்.